எத்தியோப்பியாவின் நோன்பும் ஓவியமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள வால்டர்ஸ் கலை அருங்காட்சியகம் 2023 டிசம்பரில் எத்தியோப்பியக் கலைக்கென ஒரு பெரிய கண்காட்சியைத் தொடங்கியது. அதையொட்டி வெளிவந்த ‘எத்தியோப்பியா அட் தி கிராஸ்ரோட்ஸ்’ என்ற தொகுப்பு நூலைப் பற்றிச் சென்ற இதழின் நூல் அறிமுகப் பகுதியில் சுருக்கமாக எழுதியிருந்தோம். அந்த நாட்டின் சமய வாழ்க்கை குறித்தும் கலை குறித்தும் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வேறு பல நல்ல நூல்கள் வந்துள்ளன என்று ஒரு வரி சேர்த்திருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் பெரும்பாலான கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாக்கிப் பதில் தருகிறோம்.

கேள்வி: எத்தியோப்பியாவைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவர் எந்த நூலிலிருந்து தொடங்க வேண்டும்? படங்கள் நிறைந்த நூலை முதலில் வாங்கலாமா? அங்குள்ள திருச்சபை கத்தோலிக்கமா, வேறா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் தெவாஹெதோ திருச்சபை ரோமைச் சேர்ந்ததும் அன்று, கிரேக்க, ரஷ்யத் திருச்சபைகளின் குடும்பத்தைச் சேர்ந்ததும் அன்று. எகிப்தின் காப்டிக் திருச்சபை, ஆர்மீனியத் திருச்சபை, சிரியத் திருச்சபை, உங்கள் ஊருக்கு அருகிலேயே உள்ள மலங்கரை ஆர்த்தடாக்ஸ் திருச்சபை ஆகியவற்றோடு ஒரே விசுவாசத்தைப் பகிர்ந்துகொள்ளும் கீழைத் திருச்சபை அது. இந்தத் திருச்சபைகளின் தலைவர்கள் அனைவரையும் 1965 ஜனவரியில் அடிஸ் அபாபாவில் ஒன்றுகூட்டியவர் பேரரசர் ஹைலே செலாசி. நான்காம் நூற்றாண்டில் அக்சூம் அரசன் எசானா கிறித்தவத்தைத் தழுவியதிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, இந்தத் திருச்சபையின் தலைமை ஆயர் எகிப்திலிருந்தே அனுப்பப்பட்டு வந்தார். 1959இல்தான் எத்தியோப்பியர் ஒருவர் முதன்முதலாக மறைமுதுவர் (பேட்ரியார்க்) ஆனார். இந்த வரலாற்றை ஒரே நூலில் தொடர்ச்சியாகப் படிக்க விரும்பினால், ஜான் பின்ஸ் எழுதிய ‘தி ஆர்த்தடாக்ஸ் சர்ச் ஆஃப் எத்தியோப்பியா’ போதும்.

ஆனால் தொடக்கத்துக்கு நாங்கள் சொல்லும் நூல் வேறு. டாம் பாயில்ஸ்டன் என்ற மானிடவியலாளர் 2018இல் வெளியிட்ட ‘தி ஸ்ட்ரேஞ்சர் அட் தி ஃபீஸ்ட்’ ஓவியங்களைப் பற்றிய நூலே அன்று. வடக்கு எத்தியோப்பியாவில் தானா ஏரிக்குள் நீண்டிருக்கும் ஸெகே என்ற தீபகற்பத்தில் தங்கி, அங்குள்ள மக்கள் எப்போது உண்கிறார்கள், எப்போது உண்பதில்லை, யார் கோயிலுக்குள் செல்கிறார்கள், யார் வெளியே நின்றுவிடுகிறார்கள் என்பதையே அவர் நூல் முழுவதும் எழுதுகிறார். ஸெகே மண்ணில் ஏர் பூட்டி உழுவதும் மாடு வளர்ப்பதும் கூடாது என்பது அந்த ஊரை நிறுவிய துறவியின் பெயரால் வழங்கிவரும் கட்டுப்பாடு. அதனால் காடு காடாகவே நிற்கிறது, அதன் நிழலில் காப்பிச் செடி வளர்கிறது. புதன், வெள்ளிக் கிழமைகளிலும், உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன் 55 நாளும், வேறு பல நோன்புக் காலங்களிலும் இறைச்சி, பால், வெண்ணெய், முட்டை எதுவும் கிடையாது. கணக்குப் பார்த்தால் இல்லறத்தாருக்கு ஆண்டில் ஏறத்தாழ 180 நாள், குருமாருக்கும் துறவிகளுக்கும் 250 நாள்வரை நோன்பு. நற்கருணை பெறுவோரில் பெரும்பாலோர் குழந்தைகளும் முதியோரும் என்பதும், இடைப்பட்ட வயதினர் தங்களைத் தூய்மையற்றவர்களாகக் கருதி விலகி நிற்கிறார்கள் என்பதும் இந்த நூலில் வரும் மிக முக்கியமான செய்தி.

இதற்கும் ஓவியத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். ஸெகேயிலுள்ள ஊரா கிதானே மெஹ்ரெத் போன்ற கோயில்களின் அமைப்பைப் பாருங்கள். வட்டமான கூரையின் கீழ், ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சுற்றுகள். வெளிச் சுற்றில் பாடகர்கள் நிற்பார்கள், அடுத்த சுற்றில் நற்கருணை வழங்கப்படும், நடுவிலுள்ள சதுர அறையான மக்தஸுக்குள் குருமாரும் திருத்தொண்டரும் மட்டுமே நுழைவார்கள். தரையிலிருந்து கூரைவரை அடுக்கடுக்காக எழுதப்பட்டுள்ள புகழ்பெற்ற ஓவியங்கள் எல்லாம் அந்த நடு அறையின் வெளிச் சுவரில்தான் இருக்கின்றன. உள்ளே செல்லக்கூடாதவர் கண்முன் நிற்பது அந்தச் சுவர். பளபளப்பான படநூல்கள் அதே சுவரைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒரு பக்கத்தில் குதிரை மேல் ஜார்ஜ், மறு பக்கத்தில் மரியா என்று அச்சிடும்போது, எந்த எல்லையின்மீது அந்த ஓவியம் எழுதப்பட்டிருக்கிறது என்பதே மறைந்துபோகிறது. மேரி ஆன் ஃபிட்ஸ்ஜெரால்டும் பிலிப் மார்ஸ்டனும் சேர்ந்து 2017இல் கொண்டுவந்த கோயில் படநூல் கண்ணுக்கு விருந்துதான். ஆனால் பாயில்ஸ்டனைப் படித்தபின் அதைப் புரட்டுவது நல்லது.

கேள்வி: உலகிலேயே பழைமையான ஓவிய நற்செய்திச் சுவடி எத்தியோப்பியாவில் இருப்பதாகப் படித்தேன். இது உண்மையா, உள்ளூர்ப் பெருமையா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: பெரும்பாலும் உண்மை. வடக்கே டிக்ரே மாநிலத்தில், அட்வா நகருக்கு அருகிலுள்ள அப்பா காரிமா மடத்தில், எத்தியோப்பியாவின் பழைய வழிபாட்டு மொழியான கெயெஸில் தோலில் எழுதப்பட்ட இரண்டு பழைய நற்செய்திச் சுவடிகள் உள்ளன. காரிமா முனிவரே ஒரே நாளில் எழுதி முடித்தார் என்றும், அவர் எழுதி முடிக்கும்வரை கதிரவன் மறையாமல் நின்றது என்றும் மடத்தின் மரபு சொல்கிறது. ஆய்வாளர்களோ நெடுங்காலம் அவற்றை 1100ஆம் ஆண்டு வாக்கில் எழுதப்பட்டவை என்றே கருதிவந்தார்கள். இத்தனை நுட்பமான வண்ண ஓவியம் ஆப்பிரிக்காவின் உள்நாட்டில் அதற்கு முன் எப்படி வந்திருக்கும் என்ற தயக்கமும் அந்தக் கணிப்பில் கலந்திருந்தது என்பது எங்கள் ஐயம். பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் தோல் துணுக்குகளைக் கதிரியக்கக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தியபோது, ஒன்று 330க்கும் 650க்கும் இடைப்பட்டது, மற்றொன்று 530க்கும் 660க்கும் இடைப்பட்டது என்று தெரியவந்தது. ஒப்புநோக்க, ஃபுளோரன்ஸ் நகரிலுள்ள புகழ்பெற்ற சிரிய மொழி ரப்புலா நற்செய்திச் சுவடியின் ஆண்டு 586.

ஜூடித் மெக்கென்சியும் ஃபிரான்சிஸ் வாட்சனும் 2016இல் வெளியிட்ட ‘தி காரிமா காஸ்பெல்ஸ்’ இவ்விரு சுவடிகளின் ஓவியப் பக்கங்களையும் முழுமையாக வண்ணத்தில் தருகிறது. படங்களை எடுத்தவர் மைக்கேல் கெர்வர்ஸ். நான்கு நற்செய்திகளிலும் எந்தப் பகுதி எதனோடு ஒத்துப்போகிறது என்று காட்டும் எண் அட்டவணைகள் தூண்களுக்கும் வளைவுகளுக்கும் இடையே எழுதப்பட்டிருக்கின்றன. வளைவின் மேல் பறவைகள் அமர்ந்திருக்கின்றன. இந்தக் கட்டடக் கோலத்தின் வேர் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருப்பதை மெக்கென்சி விளக்கும் பகுதி கடினமானது, ஆனால் நூலின் உயிர்நாடி அதுதான். இச்சுவடிகள் இன்றும் மடத்தின் உடைமைகளாகவே உள்ளன என்பதையும் மறக்க வேண்டாம். 2020 நவம்பரில் தொடங்கி இரண்டு ஆண்டு நீடித்த டிக்ரே போரில் பல கோயில்களும் மடங்களும் சேதமுற்றன, சுவடிகள் களவுபோயின. போருக்கு முன் எடுக்கப்பட்ட புகைப்படங்களுக்கு இப்போது வேறொரு மதிப்பும் சேர்ந்திருக்கிறது.

கேள்வி: நீங்கள் அச்சிட்ட மரியா ஓவியம் ஐரோப்பிய ஓவியத்தைப் பார்த்து வரைந்ததுபோல் இருந்தது. எத்தியோப்பியக் கலை என்பது மேற்கிலிருந்து வந்த படங்களின் நகல்தானா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: பார்த்து வரைந்தது உண்மை. நகல் என்பதை மட்டும் ஏற்க இயலவில்லை. இந்த இடத்தில்தான் அண்மை நூல்கள் பழைய கருத்துகளை மிகுதியும் மாற்றியிருக்கின்றன என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

எத்தியோப்பியாவில் மரப்பலகையில் எழுதிய திருவுருவ ஓவியங்கள் பெருகியது பதினைந்தாம் நூற்றாண்டில், அரசன் ஸரா யாகோப் காலத்தில் (1434–1468). ஆண்டில் 30க்கும் மேற்பட்ட மரியா திருவிழாக்களைக் கொண்டாட வேண்டும் என்றும், மரியாவின் அற்புதக் கதைகளைக் கோயிலில் வாசிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டவன் அவன். அந்தத் தேவைக்கு ஓவியம் எழுதியவர்களில் நமக்குப் பெயர் தெரிந்தவர் ஃப்ரே செயோன் என்ற துறவி. தானா ஏரியின் தாகா தீவு மடத்தில் அவர் பெயரோடு ஒரு பலகை உள்ளது. இருபுறமும் மிக்கேலும் கபிரியேலும் வாளேந்தி நிற்க, நடுவில் மரியா. இந்த ஓவியரின் மரியா படங்களில் குழந்தையின் கையில் சில இடங்களில் ஒரு பறவை இருக்கும். இத்தாலிய ஓவியத்தின் சாயல் அதில் இருக்கிறது. அதே நூற்றாண்டின் இறுதியில் நிக்கோலோ பிரான்கலியோனே என்ற வெனிஸ் நகர ஓவியர் எத்தியோப்பியாவுக்கே வந்து பல்லாண்டு தங்கி வேலை செய்தார். இவற்றைச் சுட்டிக்காட்டித்தான் ‘மேலை நாட்டுத் தாக்கம்’ என்று முன்பு எழுதிவந்தார்கள்.

வெரெனா கிரெப்ஸ் 2021இல் வெளியிட்ட, எத்தியோப்பிய அரசர்களின் ஐரோப்பியத் தூதுகளைப் பற்றிய நூல் இந்தக் கதையைத் திருப்பிப்போட்டது. 1402இல் வெனிஸ் நகருக்கு நான்கு சிறுத்தைகளோடு ஒரு தூதுக்குழு வந்திறங்கியது. ஃபுளோரன்ஸைச் சேர்ந்த ஒருவர் தலைமையில் அதை அனுப்பியவன் எத்தியோப்பிய அரசன் தாவித். பீரங்கியும் படையும் கேட்டே இத்தகைய தூதுகள் வந்தன என்பது பழைய விளக்கம். ஆவணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்த கிரெப்ஸ், அவர்கள் கேட்டவை புனிதர்களின் எச்சங்கள், திருவழிபாட்டு ஆடைகள், பாத்திரங்கள், கைவினைஞர்கள் ஆகியவையே என்று காட்டுகிறார். சாலமோன் மரபில் வந்தவர்கள் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட அரசர்கள், சாலமோன் தீர் நாட்டிலிருந்து வினைஞரை வரவழைத்து ஆலயம் கட்டியதைப்போலத் தாமும் தொலைநாட்டு வினைஞரை வரவழைத்துக் கோயில் எடுத்தார்கள் என்பது அவர் வாதம். அதாவது, வேண்டியதைக் கேட்டு வாங்கியவர்கள் அவர்கள்.

இந்த வாதத்தை நாங்கள் பெரும்பாலும் ஏற்கிறோம். ஆனால் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசி எலேனி போர்ச்சுகலுக்கு அனுப்பிய மடல் கூட்டுப் போர் பற்றித்தான் பேசுகிறது. (அதைச் சுமந்து சென்ற தூதர் மத்தேயு கோவா வழியாகவே லிஸ்பன் போய்ச் சேர்ந்தார்.) அந்த மாற்றம் ஏன் வந்தது என்பதற்கு நூல் இன்னும் சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கலாம்.

நாங்கள் அச்சிட்டது இதற்கும் பிற்பட்ட வகை ஓவியம். ரோமில் சாந்தா மரியா மஜ்ஜோரே ஆலயத்திலுள்ள பழைய மரியா படத்தின் பிரதிகளை இயேசு சபைத் துறவியர் உலகெங்கும் கொண்டுசென்றார்கள், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எத்தியோப்பியாவுக்கும் அது வந்தது. 1622இல் அரசன் சுசெனியோஸ் வெளிப்படையாகக் கத்தோலிக்கனானான். நாடு கிளர்ந்தெழுந்தது. 1632இல் அவன் மகன் ஃபாசிலதஸ் அரியணை ஏறிப் பழைய நெறியை மீட்டு, இயேசு சபையாரை நாட்டைவிட்டே வெளியேற்றினான். துறவியர் போனார்கள், அவர்கள் கொண்டுவந்த மரியா போகவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே வைத்த கைகள், நீட்டிய இரு விரல்கள், கையில் பிடித்த சிறு துணி என எல்லாம் அப்படியே நின்று, கோந்தர் நகரம் தலைநகராக இருந்த அடுத்த காலத்தில் எத்தியோப்பிய மரியாவின் நிலைத்த வடிவமே அதுவாயிற்று. ஆனால் படத்தின் அடியில், ஓவியத்தைச் செய்வித்தவர் தரையோடு தரையாக நெடுங்கிடையாய் விழுந்து கிடப்பதைப் பாருங்கள். ரோமிலுள்ள மூலத்தில் அப்படி எவரும் இல்லை. அந்த உருவம்தான் படத்தை வழிபாட்டுக்கு உரியதாக்குகிறது.

கத்தோலிக்கத்தை எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் வலத்தா பேத்ரோஸ் (1592–1642) என்ற உயர்குலப் பெண். அரசனுக்கு நெருங்கியவரான கணவரைத் துறந்து, மடங்களை நிறுவி, புனிதராகப் போற்றப்பட்டவர். 1672இல் கெயெஸ் மொழியில் எழுதப்பட்ட அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெண்டி லாரா பெல்ச்சரும் மைக்கேல் கிளைனரும் ஆங்கிலத்தில் பெயர்த்து 2015இல் வெளியிட்டார்கள். இந்த மொழிபெயர்ப்பைப் படித்தால், ஓர் அயல்நாட்டு வழிபாட்டு முறையை உயிரைக் கொடுத்தும் எதிர்த்த மக்களே அந்நாட்டுப் படத்தை எத்தனை இயல்பாகத் தமதாக்கிக்கொண்டார்கள் என்ற புதிர் இன்னும் ஆழமாகும்.

கேள்வி: எத்தியோப்பிய ஓவியத்தில் நல்லவர்களுக்கு இரண்டு கண்ணும் தீயவர்களுக்கு ஒரு கண்ணும் வரைவார்கள் என்பது சரியா?
– ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: பிற்கால ஓவியங்களுக்குப் பொதுவாகப் பொருந்தும். புனிதர்கள் நேர்முகமாக, அகன்ற இரு கண்களோடு இருப்பார்கள். பேய்கள், யூதாசு, இயேசுவைத் துன்புறுத்தும் படைவீரர் போன்றோர் பக்கவாட்டில், ஒற்றைக் கண் தெரிய நிற்பார்கள். ஆனால் இது தொடக்கத்திலிருந்தே இருந்த விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலே சொன்ன காரிமா சுவடியில் நற்செய்தியாளர் மாற்கு இருக்கையில் பக்கவாட்டாகத்தான் அமர்ந்திருக்கிறார். சுற்றுலா வழிகாட்டிகள் இந்த விதியைச் சற்று மிகையாகவே சொல்கிறார்கள்.

கேள்வி: எத்தியோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றில் சில ஆண்டுகள் பணியாற்றினேன். ஜனவரியில், இயேசுவின் திருமுழுக்கை நினைவுகூரும் திம்கத் திருவிழாவின்போது குரு ஒருவர் பட்டுத்துணி போர்த்திய ஒரு பொருளைத் தலைமேல் சுமந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். அதுவே அவர்களுக்கு எல்லாவற்றினும் புனிதமானது என்றார்கள். எந்தக் கலைநூலிலும் அதன் படம் இல்லையே, ஏன்?
– ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் பார்த்தது தாபோத். மரத்திலோ கல்லிலோ செய்த, பலிபீடத்தில் வைக்கும் பலகை அது. மோசேயின் கட்டளைப் பலகைகளையும் அவை இருந்த உடன்படிக்கைப் பேழையையும் குறிப்பது. ஒரு கட்டடம் கோயிலாவது தாபோத் உள்ளே வந்தபிறகுதான். அது வெளியேறிவிட்டால் சுவரிலுள்ள ஓவியங்கள் எத்தனை சிறந்தவையாக இருந்தாலும் அது வெறும் கட்டடமே. குருமாரைத் தவிர எவரும் அதைப் பார்க்கக்கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை நீர்நிலைக்கு எழுந்தருளும்போதும் பொன்னிழை வேலைப்பாடுள்ள துணிக்குள்தான் இருக்கும். ஆகவே கலைநூலில் படம் இல்லாதது குறையன்று. படம் போடாமல் விட்ட நூலாசிரியரே சரியாகச் செய்திருக்கிறார்.

இதைப் புரிந்துகொண்டால், லண்டனிலுள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கும் தாபோத்துகளைப் பற்றிய வாதமும் புரியும். 1868 ஏப்ரலில் ஆங்கிலேயப் படை மக்தலா மலைக்கோட்டையைத் தாக்கியது. பேரரசர் தெவோத்ரோஸ் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். அந்தப் படை புறப்பட்டது பம்பாயிலிருந்து. அதில் இந்திய வீரர்கள் பெருந்தொகையினர், யானைகள் 44. மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படைக்கும் அதில் பங்குண்டு, ‘அபிசீனியா’ என்ற போர்ச் சிறப்பு இன்றும் அப்படைப்பிரிவின் பட்டியலில் இருக்கிறது. கோட்டையில் கிடைத்தவை யானைமீதும் கோவேறு கழுதைமீதும் ஏற்றப்பட்டு, அருகிலிருந்த சமவெளியில் ஏலம் விடப்பட்டன. படையுடன் வந்திருந்த பிரித்தானிய அருங்காட்சியக அலுவலர் ரிச்சர்ட் ஹோம்ஸ் ஏறத்தாழ 350 சுவடிகளை வாங்கினார். அந்தச் சுவடிகளில் பலவற்றைத் தெவோத்ரோஸே இரண்டு ஆண்டுகளுக்கு முன் கோந்தர் நகரக் கோயில்களிலிருந்து அள்ளி வந்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், சொல்லாமல் விடுகிறவர்களே அதிகம்.

முள்முடி சூடிய இயேசுவின் ஒரு படம், குவெரத்தா ரெஸு என்பது, அரசர்கள் போருக்குச் செல்கையில் உடன் எடுத்துச் செல்லும் காப்பாக இருந்தது. ஐரோப்பிய ஓவியர் ஒருவர் வரைந்த படம் அது. ஹோம்ஸ் அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்காமல் தாமே வைத்துக்கொண்டார், 1917இல் அது லண்டனில் ஏலம் போயிற்று. 1872இல் பேரரசர் நான்காம் யோஹன்னஸ் இந்தப் படத்தையும், அரச மரபின் நூலான ‘கெப்ர நெகஸ்த்’ சுவடியையும் திருப்பித் தரும்படி எழுதினார். சுவடி திரும்பியது, படம் திரும்பவில்லை. பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இன்று 11 தாபோத்துகள் உள்ளன. அவை காட்சிக்கு வைக்கப்படுவதில்லை, அங்குள்ள காப்பாளர்களும் அவற்றைப் பார்ப்பதில்லை. எவரும் பார்க்காத, ஆராயாத, படம் எடுக்காத ஒரு பொருளை அருங்காட்சியகம் எதற்காக வைத்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு ஏற்கத்தக்க பதில் எதையும் நாங்கள் இதுவரை படிக்கவில்லை. எடின்பரோ நகரத் தேவாலயம் ஒன்றின் அலமாரியில் கண்டெடுக்கப்பட்ட தாபோத் 2002இல் எத்தியோப்பியாவுக்குத் திரும்பியது. வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயமும் தன்னிடமுள்ளதைத் திருப்பித் தரக் கொள்கையளவில் இசைந்திருப்பதாக 2024இல் செய்தி வந்தது.

கேள்வி: எத்தியோப்பியா என்றாலே கிறித்தவம் என்பதுபோல் எழுதுகிறீர்கள். நபிகள் நாயகத்தின் தோழர்களுக்கு முதன்முதலில் அடைக்கலம் தந்த நாடு அது. அங்குள்ள முஸ்லிம்களின் கலையைப் பற்றி நூலே இல்லையா?
– ஒரு வாசகர், காயல்பட்டினம்

பதில்: கேட்க வேண்டிய கேள்வி. 2007 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் 43 விழுக்காட்டுக்குச் சற்று மேல். முஸ்லிம்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. சீர்திருத்தத் திருச்சபையினர் 18 விழுக்காட்டுக்கும் மேல். ஆனால் கலைநூல்களின் அலமாரியைப் பார்த்தால் முதல் பிரிவினர் மட்டுமே அந்நாட்டில் வாழ்வதாகத் தோன்றும். ஓவியமும் உருவமும்தான் கலை என்று முன்கூட்டியே முடிவுகட்டியதன் விளைவு இது.

கிழக்கேயுள்ள ஹரார் மதில் நகரம் 2006இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. மதிலுக்குள் 82 பள்ளிவாசல்களும் நூற்றுக்கும் மேற்பட்ட அடக்கத் தலங்களும் உள்ளன. வீட்டின் கூடத்தில் படிபடியாக உயரும் திண்ணைகளும், சுவர் நிறையப் பெண்கள் முடைந்து மாட்டிய வண்ணக் கூடைகளும் அந்நகரின் காட்சிக்கலை. குர்ஆன் படியெடுத்து எழுதும் கலையிலும் ஹரார் தேர்ந்த நகரம். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கு எழுதப்பட்ட குர்ஆன் ஒன்றின் எழுத்து முறையும் பூவேலையும் குஜராத் உள்ளிட்ட இந்தியப் பகுதிகளின் சுவடிகளோடு நெருங்கிய உறவு காட்டுவதை அண்மை ஆய்வுகள் எடுத்துச் சொல்கின்றன. கடல் வணிகம் துணியை மட்டும் சுமந்து போகவில்லை என்பதை உங்கள் ஊர்க்காரர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. வால்டர்ஸ் தொகுப்பு நூலில் இஸ்லாமியப் பொருள்களுக்கு இடம் தந்திருக்கிறார்கள். சாமந்தா கெல்லி தொகுத்து 2020இல் வெளிவந்த, இடைக்கால எத்தியோப்பியா, எரித்திரியா குறித்த பெருநூலும் இஸ்லாமிய அரசுகளைத் தனி இயலாக நடத்துகிறது. ஆனால் ஹராரின் சுவடிகளையும் கூடைகளையும் வீடுகளையும் ஒருசேரப் பார்க்கும் ஒரு நல்ல பொதுவாசகர் நூலை நாங்கள் இன்னும் கையில் எடுக்கவில்லை. நீங்கள் குறிப்பிட்ட அடைக்கலத்தின் நினைவாக டிக்ரேயில் நிற்கும் நெகாஷ் பள்ளிவாசலும் 2020 போரில் குண்டடிபட்டது.

கேள்வி: நோய் தீர்க்க வரையப்படும் தோல் சுருள்கள் பற்றி விளக்க முடியுமா? அவற்றைக் கலை என்று சொல்வது சரிதானா?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இச்சுருள்களைச் செய்பவர்கள் தெப்தெரா எனப்படுவோர். குருப்பட்டம் பெறாதவர்கள், ஆனால் கோயிலில் பாடி ஆடும் பயிற்சியும் எழுத்தறிவும் உள்ளவர்கள். ஆட்டுத்தோலை மெல்லிய பட்டைகளாக்கித் தைத்து, நோயாளியின் உயரத்துக்கு ஒப்பாக நீளம் வைத்து, வேண்டுதல்களுக்கு நடுவே அவர் பெயரையும் எழுதுவார்கள். தேவதூதர், சிலுவை, எட்டு முனை விண்மீனின் நடுவே ஒரு முகம், எங்கு பார்த்தாலும் கண்கள். தீய ஆவி அந்தக் கண்களைப் பார்த்து அஞ்சி ஓட வேண்டும் என்பது நோக்கம். ஒருவருக்கென்று செய்து அவர் உடலோடு கிடந்த சுருளைச் சட்டகத்துக்குள் மாட்டும்போது அது வேறொன்றாகிவிடுகிறது, உங்கள் தயக்கத்தின் காரணமும் அதுதான் என நினைக்கிறோம். இதுபற்றி ஜாக் மெர்சியே 1997இல் எழுதிய நூலை விஞ்ச இன்னும் ஒன்று வரவில்லை. திருச்சபை இதை ஒப்புக்கொள்வதில்லை, மக்கள் விட்டுவிடுவதுமில்லை.

இந்தக் கண்களும் சுருள்களும் கோயிலுக்கு வெளியே வேறொரு வாழ்வு பெற்றதைப் பற்றியும் ஒரு நல்ல நூல் உண்டு. ஸ்குந்தர் போகோசியான் (1937–2003) என்ற நவீன ஓவியர் தோலையும் மந்திரச் சுருளின் வடிவங்களையும் எடுத்துக்கொண்டு புத்தோவியம் செய்தார். அவரையும் கெப்ரே கிரிஸ்தோஸ் தெஸ்தாவையும் அவர்கள் காலத்து அரசியலோடு சேர்த்து எலிசபெத் கியோர்கிஸ் ‘மாடர்னிஸ்ட் ஆர்ட் இன் எத்தியோப்பியா’ (2019) நூலில் எழுதுகிறார். நடை சற்றுக் கடினம். கோட்பாட்டுச் சொற்கள் மண்டிய முதல் பகுதியைத் தாண்டிவிட்டால், புரட்சிக் காலத்துக் கலைஞர்களைப் பற்றிய பக்கங்கள் கைவிடாமல் படிக்க வைக்கும்.

கேள்வி: நீங்கள் சொல்லும் நூல்களின் விலை எட்டாக் கனியாக இருக்கிறது. மாணவர்கள் என்ன செய்வது?
– ஒரு மாணவி, சென்னை

பதில்: பாயில்ஸ்டனின் நூலைப் பதிப்பகமே இணையத்தில் இலவசமாகத் தருகிறது, முழுவதும் இறக்கிக்கொள்ளலாம். வலத்தா பேத்ரோஸ் வரலாற்றுக்கு 2018இல் வந்த சுருக்கப் பதிப்பு மூலப் பதிப்பைவிட மலிவானது, கதையை மட்டும் படிக்க அதுவே போதும். மரியாவின் அற்புதக் கதைகளை மொழிபெயர்ப்போடும் ஓவியங்களோடும் திரட்டி, பெல்ச்சர் தலைமையில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் ஒரு தளம் நடத்துகிறது. அதற்குக் கட்டணம் இல்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள ஹில் சுவடி நூலகம், எத்தியோப்பிய மடங்களில் 1970கள் முதல் படம் பிடிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான சுவடிகளைப் பேணிவருகிறது. அவற்றில் ஏராளமானவற்றைப் பெயர் பதிந்துகொண்டால் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். மக்தலாவிலிருந்து போன சுவடிகளில் சிலவற்றைப் பிரித்தானிய நூலகமும் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. கெயெஸ் எழுத்து தெரியாவிட்டாலும் ஓரங்களில் மெழுகு சொட்டிய தடமும் விரல் பட்டுக் கறுத்த மூலையும் தெரியும்படி பெரிதாக்கிப் பாருங்கள். காரிமா நூலும் கிரெப்ஸ் நூலும் உங்கள் கல்லூரி நூலகத்தில் இல்லையென்றால், வாங்கித் தரும்படி துறைத் தலைவர் வழியாக எழுதிக் கேளுங்கள்.